மலையடிவாரத்துக்குக் குடிவந்த தம்பிக்கு: கோடைக்கு முன் செய்ய வேண்டியவை

தம்பி, மெல்பர்னின் கிழக்கே டான்டினாங் மலையடிவாரத்தில் வாடகை வீடு எடுத்து மூன்று மாதம் ஆகிறது என்றும், அக்கம்பக்கத்தில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதாகவும், அவற்றில் நான்கு வீடுகளில் வயதான பெற்றோர் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கோடைக் காட்டுத்தீக்கு எல்லோருமாக எப்படித் தயாராவது என்பது உங்கள் கேள்வி. நான் அந்த மலையின் இன்னொரு பக்கத்தில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். வெயில் ஏறும் முன்பே கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

நாம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பழகியவர்கள். ஆபத்து வந்தால் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதுதான் நமக்குத் தெரிந்த காவல். இங்கே அந்தப் பழக்கம் உயிரைப் பறித்துவிடும். 2009 பிப்ரவரி 7, இங்கே 'கறுப்புச் சனிக்கிழமை' என்று சொல்லும் நாள், மெல்பர்னில் வெப்பம் 46.4 டிகிரியைத் தொட்டது. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அன்றைய தீயில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தவர்கள். வடக்கிலிருந்து வீசிய அனல்காற்று மாலையில் தென்மேற்குக் காற்றாகத் திரும்பியது. அதுவரை தீயின் பக்கவாட்டு விளிம்பாக இருந்த நீண்ட கோடு முழுவதும் ஒரே நேரத்தில் முன்முனையாகி ஊர்களை நோக்கிப் பாய்ந்தது. தீயை நேரில் பார்த்த பிறகு புறப்பட நேரம் இருக்காது. சுடர் நெருங்கும் முன்பே அதன் வெப்பக் கதிர்வீச்சு ஆளைக் கொன்றுவிடும். தணல் துண்டுகள் கிலோமீட்டர் கணக்கில் முன்னால் பறந்து வந்து விழும்.

ஆகவே எப்போது கிளம்புவது என்பதை உங்கள் குடும்பங்கள் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். நாள்தோறும் அறிவிக்கப்படும் தீ அபாய நிலையை வைத்து முடிவு செய்யுங்கள். 2022 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே அளவுகோல், குறைந்த அபாயத்திலிருந்து மேல்நோக்கி: மாடரேட் பச்சை, ஹை மஞ்சள், எக்ஸ்ட்ரீம் ஆரஞ்சு, கட்டஸ்ட்ராஃபிக் அடர்சிவப்பு. சாலையோரப் பலகைகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு நிறத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும். அடர்சிவப்பு என்று அறிவித்தால் முந்தைய இரவே, அல்லது விடிந்ததும், நகருக்குள் போய்விட வேண்டும். பெற்றோரும் குழந்தைகளும் இருக்கும் வீடுகள் ஆரஞ்சு நாளிலும் காலையிலேயே போய்விடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அப்படிப்பட்ட நாட்கள் கோடையில் சிலதான். நகருக்குள் வசிக்கும் நண்பர் வீட்டில் பகலைக் கழித்துவிட்டுத் திரும்பலாம்; எந்த வீடு எங்கே போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆரஞ்சு நாளில் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு ரயிலேறினேன். நண்பகலில் எங்கள் பக்கத்தில் புல்வெளித் தீ. திரும்பி ஓடி வந்தால் சாலையைக் காவல்துறை மூடியிருந்தது. மூடிய பிறகு அந்தப் பகுதியில் குடியிருப்பவரையும் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. மூன்று மணி நேரம் தடுப்புக்கு வெளியே நின்றேன். பக்கத்து வீட்டு மூதாட்டி எங்கள் கதவைத் தட்டி, அம்மாவைத் தன் காரில் ஏறும்படி கையைக் காட்டியிருக்கிறார். அம்மா வெகுநேரம் தயங்கியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவரோடு எப்படிப் போவது? எட்டு மாதம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தவில்லை. அந்தத் தயக்கம் இன்னும் சற்று நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

எனவே உங்கள் முதல் வேலை ஒரு பட்டியல். வார நாளில், பகல் பதினோரு மணிக்கு, எந்த வீட்டில் யார் தனியாக இருப்பார்? அவரிடம் கார் உண்டா, நடப்பது எப்படி, என்ன மருந்து? ஒவ்வொருவருக்கும் அழைத்துப்போகும் இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். இருவரில் ஒருவர் தமிழராக இல்லாமல் அதே தெருவில் வெகுகாலம் வாழ்பவராக இருக்கட்டும். ஒருநாள் மாலை பெற்றோரை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று முகம் பழக வையுங்கள்.

அடுத்து, சி.எஃப்.ஏ. எனப்படும் கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டி என்ற தீயணைப்பு அமைப்பின் உள்ளூர் நிலையத்துக்கு நேரில் போங்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், உங்கள் தெருவின் மரங்களையும் சரிவுகளையும் அறிந்தவர்கள். சரிவில் மேல்நோக்கி ஏறும்போது ஒவ்வொரு 10 டிகிரிக்கும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; உங்கள் வீடு சரிவின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டார் சேர்ந்து திட்டமிட 'கம்யூனிட்டி ஃபயர்கார்ட்' என்ற குழு முறையும் அவர்களிடம் உண்டு. தமிழர் மட்டும் தனிக்குழுவாக நிற்க வேண்டாம், தெருவோடு சேருங்கள்.

'விக் எமர்ஜென்சி' என்ற மாநில அவசர எச்சரிக்கைச் செயலியை எல்லோர் கைபேசியிலும் ஏற்றி, வீடு இருக்கும் வட்டாரத்தைக் குறித்து வையுங்கள். ஆனால் மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரமும் செயலிழக்கலாம். பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கட்டும்; ஏபிசி என்ற பொது வானொலியின் உள்ளூர் ஒலிபரப்பில் எச்சரிக்கைகள் வரும். தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை முதலில் அழைத்து, 1800 226 226 என்ற விக் எமர்ஜென்சி எண்ணுடன் இணைக்கச் சொல்ல வேண்டும். இதைப் பெற்றோர் ஒருமுறையாவது சொந்தமாக அழைத்துப் பழகட்டும். தீயையே பார்த்துவிட்டால் 000 என்ற அவசர எண்.

வீட்டு வேலைகள் உங்களுக்கே புரியும்: புல்லைக் குட்டையாக வெட்டுவது, கூரையோர மழைநீர் வடிகாலில் காய்ந்த இலையை அகற்றுவது, சுவரை ஒட்டி விறகோ அட்டைப்பெட்டியோ வைக்காமல் இருப்பது. வாடகை வீடு என்பதால் வடிகால் சுத்தத்தை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு எடுப்பதானால் இப்போதே எடுங்கள். பல நிறுவனங்கள் புதிய பாலிசியில் முதல் 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீ இழப்பை ஏற்பதில்லை. கிளம்பும் நாளில் பருத்தி அல்லது கம்பளி உடை. செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும்.

ஜனவரி நடுவில் முற்றத்தில் விறகு மூட்டிப் பொங்கல் வைக்க நினைத்திருப்பீர்கள். அன்று முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்டிருந்தால் அது குற்றம். சமையலறை அடுப்பிலேயே வைத்துவிடுங்கள்.

பட்டியல் தயாரானதும் ஒரு சனிக்கிழமை காலை எல்லோரும் ஒத்திகை பாருங்கள். கடவுச்சீட்டும் மருந்தும் வைத்த பையோடு பெற்றோரைக் காரில் ஏற்றி, நகருக்குள் இருக்கும் அந்த வீடு வரை போய் வாருங்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நாங்கள் முதன்முறை செய்தபோது வாசலைத் தாண்டவே நாற்பது நிமிடம் ஆனது.