ஸ்பெல் செக் இருக்கே, புரூஃப் பார்க்க எதற்குத் தனிக் காசு?

கேள்வி: சின்ன அளவில் மசாலாத் தூள், இட்லிப் பொடி தயாரித்து விற்கிறோம். புது பாக்கெட், நோட்டீஸ், வெப்சைட் மூன்றையும் டிசைன் செய்யக் கொடுத்திருக்கிறோம். டிசைனர், "புரூஃப் பார்க்கத் தனியாக ஆள் வையுங்கள், அதற்குக் கட்டணம் வேறு" என்கிறார். கம்ப்யூட்டரில் ஸ்பெல் செக் இருக்கிறது, என் மகளும் நன்றாகப் படித்தவள். இந்தச் செலவு தேவைதானா?
- ஈரோடு வாசகர்

பதில்: பாக்கெட்டுக்குக் கட்டாயம் தேவை. வெப்சைட்டில் விலை, முகவரி, பணம் திருப்பித் தரும் விதிமுறை இருக்கிற பக்கங்களுக்குத் தேவை. நோட்டீஸை உங்கள் மகளே பார்த்துவிடலாம், தப்பு வந்தாலும் அடுத்த முறை திருத்தி அடித்துக்கொள்ளலாம்.

பாக்கெட் அப்படியில்லை. மசாலா பவுச்சுகள் பெரும்பாலும் கிராவூர் முறையில்தான் அச்சாகின்றன, நிறத்துக்கு ஒன்றாகச் சிலிண்டர் செதுக்குவார்கள். எழுத்து ஒன்று தப்பாகப் போனாலும் அந்த நிறத்துச் சிலிண்டரைத் திரும்பச் செய்ய வேண்டும், அதற்குள் ஓடிவிட்ட ரோல் முழுக்க வீண். புரூஃப் பார்க்கிறவர் கேட்கிற கட்டணத்தை இந்தச் செலவோடு வைத்துப் பாருங்கள், டிசைன் பில்லோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

ஸ்பெல் செக் சொல்லைத்தான் பார்க்கும், விஷயத்தைப் பார்க்காது. முன்பக்கம் 200 கிராம், பின்பக்கம் 250 கிராம் என்றிருந்தால் அதற்கு எந்தக் குறையும் தெரியாது. உங்கள் இட்லிப் பொடியில் 'கடலைப்பருப்பு' என்று வர வேண்டிய இடத்தில் 'கடலை' என்று மட்டும் அச்சானால் இரண்டும் சரியான சொல்தான், ஆனால் நம் ஊரில் கடலை என்றால் பலருக்கு நிலக்கடலை. நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தையின் அம்மா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறார்? மிளகுத் தூள், மிளகாய்த் தூள் இடம் மாறுவதும் இதே கதைதான். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம், அதில் ஒன்று விட்டுப்போனால் எந்த மென்பொருளும் சிவப்புக் கோடு போடாது. எம்ஆர்பி, நிகர எடை, கஸ்டமர் கேர் எண் எல்லாம் சட்டப்படி பாக்கெட்டில் சரியாக இருந்தாக வேண்டியவை, அதனால் இது தமிழ்ப் புலமை சம்பந்தப்பட்ட வேலை மட்டுமில்லை.

மகள் படித்தவர், சரி. ஆனால் இந்த வாசகத்தை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். மனசுக்குத் தெரிந்ததைக் கண் தானாகவே நிரப்பிக்கொண்டு போய்விடும். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கடைப் பெயரும் போன் நம்பரும்தான் அதிகமாகத் தப்பிப்போகிற இடங்கள், ஏனென்றால் அதை யாருமே எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வாசகம் வேறு, டிசைனில் உட்காருகிற வாசகம் வேறு. யூனிகோட் தமிழை டிசைன் மென்பொருளில் ஒட்டும்போது செட்டிங் சரியில்லை என்றால் 'கொத்தமல்லி'யில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறிவிடும். இல்லையென்றால் பழைய ஃபாண்டில் புதிதாக டைப் அடிப்பார்கள், அப்போது புதுப் பிழைகள் நுழையும். அப்புறம் பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிவிடுவார்கள், அதோடு அது படம்தான், ஸ்பெல் செக்கெல்லாம் உள்ளே போகவே முடியாது. அதனால் வேர்டு ஃபைலைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பிரஸ்ஸுக்குப் போகிற கடைசி பிடிஎஃப்பைத்தான் புரூஃப் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் பொடி எழுத்தில் அச்சான 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற சொல்லில் ஒரு 'ஐ' விடுபட்டு, 2018-இல் புழக்கத்துக்கு வந்தது 2019-இல்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் சுமார் 4 கோடியே 60 லட்சம் நோட்டு புழக்கத்துக்கு வந்திருந்தது. அங்கே கௌரவம்தான் போனது. வேல்ஸின் கார்டிஃபில் ஒரு கம்பெனியே போனது. 'டெய்லர் அண்ட் சன்' என்ற வேறொரு நிறுவனம் மூடப்படுவதாக 2009-இல் அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியதை, ஓர் 'எஸ்' கூடிப்போய் 'டெய்லர் அண்ட் சன்ஸ்' மேல் ஏற்றிவிட்டார்கள். சில நாளில் திருத்தியும் பயனில்லை, சரக்குக் கொடுப்பவர்கள் கடன் தருவதை நிறுத்திவிட்டார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் பழமையான அந்த நிறுவனம் நொடித்து, சுமார் 250 பேர் வேலை போனது. பதிவு அலுவலகம்தான் பொறுப்பு என்று 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதற்குள் கம்பெனி இல்லை.

கேள்வி: எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். வீட்டிலிருந்தே புரூஃப் பார்க்கும் வேலை செய்ய ஆசை. ஏஐ வந்த பிறகு இதில் எதிர்காலம் உண்டா?
- மதுரை வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒற்று மிகும், மிகாது என்பதோடு நின்றுவிட்டால் வியாபாரிகள் உங்களைத் தேடி வர மாட்டார்கள். பில், பாக்கெட், ஒப்பந்தம் இவற்றில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண் 15 இடம், தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33-இல் தொடங்கும், அடுத்த 10 இடம் பான் எண். இது தெரிந்தால் பார்த்தவுடன் பாதித் தப்பு பிடிபடும். ஏஐயிடம் பிழை திருத்தச் சொன்னால் பல நேரம் வாசகத்தையே மாற்றி எழுதிவிடுகிறது, வட்டார வழக்கைத் தப்பென்று நினைத்து எடுத்துவிடுகிறது. அது சொல்வதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாக நீங்கள் இருங்கள். மூலப் பிரதி இல்லாமல் வேலையை வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் நீங்களாகத் திருத்தாமல் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஆள் வைக்க இப்போதைக்கு வசதியில்லை. நாங்களே பார்த்துக்கொள்ள வழி சொல்லுங்கள்.
- காரைக்குடி வாசகர்

பதில்: போன் திரையில் பார்க்காதீர்கள், பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, டிசைனைப் பார்த்தே இராத இன்னொருவர் பிரிண்டில் விரல் வைத்துத் தொடரட்டும், எண்களை மட்டும் ஒவ்வோர் இலக்கமாக வாசியுங்கள். ஒரு பிழையைத் திருத்தி வாங்கினால் அந்த வரி முழுவதையும் மறுபடி படியுங்கள், திருத்தும்போதுதான் பக்கத்துச் சொல் கெடும். அச்சில் இருக்கிற நம்பருக்கு போன் போட்டுப் பாருங்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்று பார்த்த பிறகு பிரஸ்ஸுக்கு ஓகே சொல்லுங்கள்.