மரபணு மாற்றிய செல்களைச் செலுத்தி, மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசையை மறுபடி வளர்க்க முடியுமா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது: அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்தாயிற்று. பம்பிங் 35 சதவீதம் என்கிறார்கள். "ஸ்டெம் செல்லோடு மரபணுவும் சேர்த்து" சிகிச்சை தருவதாகச் சொல்லி ஓர் இடத்தில் சில லட்சம் கேட்கிறார்கள், போகலாமா?

போக வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். ஆனால் அவர்கள் சொல்கிற விஷயம் முழுக்கப் புரளியும் இல்லை. அதனால்தான் இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். நான் மருத்துவர் இல்லை, எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும் டெக்னீஷியன். பம்பிங் எத்தனை சதவீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது) என்று ரிப்போர்ட்டில் வருகிற அந்த எண்ணோடுதான் தினமும் குப்பை கொட்டுகிறேன்.

பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி தசைச் செல்கள் வரை செத்துப்போகலாம். அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. எக்கோவில் பார்த்தால் மற்ற சுவரெல்லாம் உள்வாங்கித் துடிக்கும், அந்தப் பகுதி மட்டும் சும்மா நிற்கும். இதயம் தானாக அதை நிரப்பிக்கொள்ளாதா என்றால், நிரப்பும், ஆனால் மிக மிக மெதுவாக. 2009-ல் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம் இதயத் தசைச் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. (பனிப்போர்க் கால அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 செல்களுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அவற்றின் வயதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம்.)

அப்புறம், வெளியிலிருந்து செல்லைக் கொண்டுபோய் வைத்தால் என்ன என்ற யோசனை. 2001-ல் நியூயார்க்கில் பியரோ அன்வெர்சாவின் குழு, எலும்பு மஜ்ஜைச் செல்கள் எலியின் இதயத்தில் புதுத் தசையாக மாறின என்று அறிவித்தது. உலகமே துள்ளியது. 2004-லேயே வேறு இரண்டு குழுக்கள் செய்து பார்த்து, அப்படி எதுவும் மாறவில்லை என்றன. 2018-ல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும், அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் பொய்த் தரவுகள் இருப்பதாகச் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தன. அதற்குள் உலகம் முழுக்க எத்தனையோ நோயாளிகளுக்கு மஜ்ஜைச் செல் செலுத்தியாகிவிட்டது.

அந்தச் சோதனைகளில் பேர்போனது ஜெர்மானியர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்டது. 204 பேர். செல் பெற்றவர்களுக்கு நான்கு மாதத்தில் பம்பிங் 5.5 சதவீதப் புள்ளி கூடியது. நல்ல சேதிதானே? ஆனால் செல் பெறாமல் வெறும் திரவம் பெற்றவர்களுக்கும் 3 புள்ளி கூடியது. இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். மாரடைப்பில் எல்லாத் தசையும் சாவதில்லை. ஒரு பகுதி அதிர்ச்சியில் வேலையை நிறுத்திவைக்கும், அடைப்பை எடுத்தபிறகு சில வாரங்களில் தானாக எழுந்துகொள்ளும். ஆகவே மாரடைப்பு வந்த மறுநாள் ஒரு எக்கோ, மூன்று மாதம் கழித்து இன்னொரு எக்கோ என்று பக்கத்தில் வைத்துக் காட்டினால், இடையில் என்ன கொடுத்திருந்தாலும் அது பலித்த மாதிரிதான் தெரியும். போதாதற்கு, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு பேர் எக்கோ எடுத்தால் ஐந்து புள்ளி முன்னே பின்னே வருவது எங்கள் தொழிலில் சாதாரணம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத "முன்பு - பின்பு" ரிப்போர்ட்டை நான் நம்பமாட்டேன்.

சரி, மரபணு எங்கே வருகிறது? கனடாவில், ஒட்டாவாவைச் சேர்ந்த இதய ஆய்வாளர் டங்கன் ஸ்டூவர்ட் இதில் முக்கியமானவர். அவர் பிடித்த நுனி எனக்கு மிகவும் பிடித்தது: நோயாளியின் செல்லும் நோயாளிதான். சர்க்கரை, புகை, வயது எல்லாம் ரத்தக் குழாயைக் கெடுத்ததுபோல, அதைச் சரிசெய்ய வேண்டிய செல்களையும் கெடுத்துவைத்திருக்கின்றன. அதே செல்லை எடுத்து அதே உடம்பில் திரும்ப விட்டால் அது என்ன சாதிக்கும்? எனவே ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் சில நாள் வளர்த்து, நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நொதிக்கான மரபணுவைக் கூடுதலாக உள்ளே ஏற்றி, கதீட்டர் என்கிற மெல்லிய குழாய் வழியாகப் பாதிக்கப்பட்ட ரத்தக் குழாயில் செலுத்துவது அவர் திட்டம். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் வேலை செய்வதும் இதே நைட்ரிக் ஆக்சைடு மூலமாகத்தான். 2013-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. இலக்கு நூறு பேர். ஒரு குழுவுக்கு வெறும் திரவம், இன்னொரு குழுவுக்குச் சாதாரணச் செல், மூன்றாவது குழுவுக்கு மரபணு ஏற்றிய செல். நேர்மையான அமைப்பு. ஆனால் அது இன்றுவரை மருத்துவமனைச் சிகிச்சையாக ஆகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் செல்கள் தசையாக மாறுவதற்காக அனுப்பப்படுபவை அல்ல. ரத்தக் குழாய் வழியாக விடுகிற செல்களில் பெரும்பாலானவை இதயத்தில் தங்குவதே இல்லை. வீடு கட்ட வந்த கொத்தனார் என்று நாம் நினைத்தவர், போகிற போக்கில் பக்கத்து ஆட்களுக்கு நாலு யோசனை சொல்லிவிட்டுப் போகிறவர், அவ்வளவுதான். 2020-ல் சின்சினாட்டியிலிருந்து வந்த எலி ஆய்வு இன்னும் சங்கடமானது: செத்த செல்லைச் செலுத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன். உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஓடிவந்து தழும்பைச் சற்றுச் சீர்செய்ததுதான் காரணம் என்றார்கள்.

உண்மையாகவே தசை வைக்கிற பாதை வேறு. சியாட்டிலில் சார்ல்ஸ் மரி குழு கருமூலச் செல்லிலிருந்து (எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய, கருவின் ஆரம்பநிலை ஸ்டெம் செல்) இதயத் தசைச் செல்களை வளர்த்து, 2014-ல் குரங்குகளுக்கு நூறு கோடி செல் வைத்தது. தசை பிடித்துக்கொண்டது, ஆனால் துடிப்பு தாறுமாறானது. புதுச் செல்கள் தாமாகவே துடிக்கிற பழக்கத்தை விடவில்லை. இதற்கு மருந்தாக வந்தது மரபணுத் திருத்தம்தான். 2023-ல் அதே குழு மூன்று மரபணுக்களை நீக்கி, ஒன்றைக் கூட்டி, தானாகத் துடிக்காத ஆனால் தட்டிவிட்டால் துடிக்கிற செல்களை உருவாக்கியது. பன்றிகளில் அந்தக் கோளாறு அடங்கியது. செல், மரபணு இரண்டும் சேரும் இடங்களில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஜெர்மனியின் கோட்டிங்கனில் தசை ஒட்டுகளாகவே செய்து தைக்கிறார்கள். 46 வயதுப் பெண் ஒருவருக்கு வைத்து, மூன்று மாதம் கழித்து மாற்று இதயம் கிடைத்தபோது பழைய இதயத்தை எடுத்துப் பார்த்தால், ஒட்டு உயிரோடு, ரத்தக் குழாய்களோடு இருந்தது. 2025 ஜனவரியில் வெளியானது. ஒட்டு நிலைக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை வேண்டும்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை ஆய்வுச் சோதனையாக மட்டுமே தரலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. உங்களிடம் பணம் கேட்கும் அந்த இடத்தில் சி.டி.ஆர்.ஐ. (மருத்துவச் சோதனைகளுக்கான அரசுப் பதிவேடு) பதிவு எண்ணையும், ஏற்றுகிற மரபணுவின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். பேச்சு அதோடு நிற்கும்.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு இதய மருத்துவரிடம் போய், பம்பிங் குறைந்தவர்களுக்கான நான்கு வகை மாத்திரைகளும் ஓடுகின்றனவா, தாங்கும் அளவுக்கு டோஸ் ஏற்றியாயிற்றா என்று கேளுங்கள். அதில் ஒன்று சர்க்கரை நோய் மாத்திரையாகப் பெயர் வாங்கியது (டாபாக்லிஃப்ளோசின் வகை). "எனக்குத்தான் சுகர் இல்லையே" என்று அதை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆனதும், முடிந்தால் அதே இடத்தில், மறுபடி எக்கோ எடுங்கள். அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழே என்றால், திடீர் துடிப்புக் கோளாறிலிருந்து காக்கும் ஐ.சி.டி. கருவி தேவையா என்று பேச வேண்டிய நேரம் அது.