பேரைச் சொல்லிக் கேட்டால் எல்லோரும் ‘ஆமாங்க’தான்

கேள்வி: ஈரோடு பக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. இரண்டும் உண்டு. ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆள் மாறிப் படம் எடுத்துவிட்டார்கள். டெக்னீஷியனுக்கு மெமோ கொடுத்தோம். ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’ முறையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். செலவு பிடிக்குமா?

பதில்: பெரிதாகப் பிடிக்காது. மெமோவை நிறுத்துங்கள், முதலில். ஆளைத் திருத்துவதை விட்டு, வேலை நடக்கும் விதத்தைத் திருத்துவதுதான் இந்த முறை. திங்கட்கிழமை காலை, கூட்டம் நெரியும்போது, எக்ஸ்ரே அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சும்மா பாருங்கள்.

நம் பக்கம் ‘பழனிசாமி’ என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் எழுந்தால்தான் ஆபத்து. காது மந்தமான பெரியவர். “பழனிசாமிங்களா?” என்றால் “ஆமாங்க” என்பார். “முட்டிக்குத்தானுங்க படம்?” என்றாலும் “ஆமாங்க”தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ‘இல்லை’ சொல்லிப் பழக்கமில்லாத தலைமுறை அது. அதனால் “உங்க பேரு சொல்லுங்க, எங்கே வலிக்குதுங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். ஊரைக் கேட்டு உறுதி செய்ய முடியாது, அதே ஊரில் இன்னும் நாலு பழனிசாமி இருப்பார்கள். பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. ஆகவே ஓ.பி. சீட்டு எண்ணைத் திரையோடு ஒப்பிடுவதுதான் சரி.

அந்தத் திரையில் விவரம் எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். பதிவு கவுண்டரில் அடித்தது நேராக மெஷினுக்கு வரும் ‘ஒர்க்லிஸ்ட்’ வசதி பல டிஜிட்டல் மெஷின்களில் உண்டு. இணைக்காமல் விட்டிருந்தால், டெக்னீஷியன் எல்லாவற்றையும் மறுபடி அடித்துக்கொண்டிருப்பார். நடுவில் “ரிப்போர்ட் ஆச்சுங்களா?” என்று வார்டிலிருந்து போன். அந்த போனைக் கவுண்டருக்கு மாற்றுங்கள், காசு செலவில்லை.

இடம், வலம் காட்டும் ஈயக் குறியைப் படம் எடுக்கும் முன்பே வைக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்றால், படம் திரும்பிக் கிடப்பது தெரியாமலே குறி விழுந்துவிடும்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் ‘இரும்புச் சாமான் கொண்டுவராதீர்கள்’ என்ற அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பாதீர்கள். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், ராத்திரியிலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் 6 வயதுச் சிறுவன், 2018-இல் மும்பையில் நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர். இரண்டு சாவுக்கும் உள்ளே போன ஆக்சிஜன் சிலிண்டர்தான் காரணம். பலகையைவிடப் பூட்டு மேல். டெக்னீஷியன் திறந்தால்தான் திறக்கிற கதவு, அதற்கு வெளியிலேயே இரும்பு ஸ்ட்ரெச்சரிலிருந்து காந்தம் இழுக்காத ஸ்ட்ரெச்சருக்கு மாற்றம், அறைக்குள் குழாய் வழி ஆக்சிஜன். சிலிண்டருக்கு உள்ளே வேலையே இருக்கக் கூடாது. செலவழிப்பதாக இருந்தால் இங்கே செலவழியுங்கள்.

மெமோவுக்குப் பதில் கண்ட்ரோல் அறையில் ஒரு நோட்டு வையுங்கள். மயிரிழையில் தப்பியதை எல்லாம் அதில் எழுதட்டும். எழுதியவர் பேர் மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் நோட்டு காலியாகவே கிடக்கும்.