அப்பாவின் கோபத்துக்கு எந்தச் சொல்?

வணக்கம் ஐயா.

என் அப்பாவுக்கு 61 வயது. பாயான் லெப்பாஸில் ஓர் அடுக்குமாடியில் ஜாகா (காவலாளி) வேலை பார்க்கிறார். சென்ற மாதம் கார் நிறுத்துமிடத் தகராறு ஒன்றில், அங்கே குடியிருக்கும் ஒருவர் பலர் முன்னிலையில் அவரை நாய் என்று திட்டியிருக்கிறார். அப்பா மேல் தவறில்லை என்பது கேமராப் பதிவிலேயே தெரிந்தது. இருந்தும் நிர்வாகம் அப்பாவைத்தான் மன்னிப்புக் கேட்க வைத்தது.

"என்னால் பொறுக்க முடியவில்லை என்று எழுதம்மா" என்றார். ஆங்கிலத்தில் எழுதினேன். பள்ளியில் ஒரு தெர்மாமீட்டர் படம் வரைந்து கோபச் சொற்களைக் கற்றுத் தந்தார்கள்: அடியில் அனாய்ட், நடுவில் ஆங்ரி, உச்சியில் ஃபியூரியஸ். அப்பா கண் கலங்கிச் சொன்னதால் உச்சியில் இருந்த சொல்லை எடுத்துக்கொண்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. உங்கள் தந்தை தம் கோபத்தை அடக்கிக்கொள்ள வேண்டும், குடியிருப்பாளர்களின் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம் என்று. நான் செய்த பிழை என்ன ஐயா?

பெயர் வேண்டாம்,
பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதில் அநியாயமானது. திட்டு வாங்கியவரைப் பார்த்து, உன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நீங்கள் எழுதிய சொல் அவர்களுக்கு ஒரு சாக்காகிவிட்டது. பிழை என்று சொன்னால் அவ்வளவுதான். அதுவும் அந்தத் தெர்மாமீட்டரின் பிழை.

கோபத்தை அளவை வைத்து மட்டும் பிரித்தால் இப்படித்தான் ஆகும். ஃபியூரியஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது 'ஃபுரியா' என்ற லத்தீன் சொல். வெறி என்று பொருள். ரோமானியர்கள் பழிவாங்கும் தெய்வங்களுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். ரேஜ் இன்னும் கடுமையானது. வெறிநாய்க்கடி நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் 'ரேபிஸ்' என்ற பெயரும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆங்கிலத்தில் கோபத்தின் உச்சியில் நிற்கும் சொற்கள் பலவும் தன்னை இழந்த மனிதனைக் காட்டுபவை. அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. இனி என்ன செய்துவிடுவானோ என்ற அச்சத்தைத்தான் படிப்பவர் மனத்தில் எழுப்புகின்றன. நிர்வாகத்தில் இருந்தவர் உங்கள் கடிதத்தில் பார்த்தது அந்த மனிதனைத்தான்.

நம் மண்ணிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ஒரு சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. அமோக் என்பது மலாய்ச் சொல், வெறிகொண்டு கண்ணில் பட்டவரையெல்லாம் தாக்குவதைக் குறிப்பது. 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் அதை எழுதிவைத்தார்கள். பிறகு ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆங்கிலத்தில் கண்மண் தெரியாமல் ஓடும் எதற்கும் அந்தச் சொல்தான். 1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் பிற்சேர்க்கை, பண்பாட்டோடு பிணைந்த கோளாறுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அங்கே தரப்பட்ட விளக்கத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது. தான் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தவன் நெடுநேரம் தனக்குள் குமைந்த பிறகே வெடிக்கிறான் என்று. ஆங்கிலப் பேச்சுவழக்கில் வெடிப்பு மட்டும் தங்கிவிட்டது. அவமானமும் குமைச்சலும் கழன்று விழுந்துவிட்டன. உங்கள் அப்பாவின் கடிதத்திலும் அவமானம் விழுந்துபோய் வெறி மட்டும் மிஞ்சியது.

நான் 20 ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். நம் மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 300ஆவது பிரிவில் முதல் விதிவிலக்கு ஒன்று உண்டு. கடுமையான, திடீரென்ற சினமூட்டலால் தன்னடக்கத்தை இழந்து ஒருவன் உயிரைப் பறித்தால், அது கொலைக் குற்றத்திலிருந்து இறங்கிவிடும். 2023 வரை கொலைக்குத் தூக்கு கட்டாயம் என்பதை நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் கூண்டில் நின்று, "அவன் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது" என்றார். இருந்தது என்றால் எப்போதிலிருந்து? ரேஜ் என்று பெயர்த்தால் அந்தக் கணத்தில் மூண்டது என்று ஆகும். ரிசென்ட்மென்ட் என்றால் நாள்கணக்கில் மனத்தில் வளர்த்தது. மறுபடி மறுபடி உணர்வது என்பதுதான் அந்தச் சொல்லின் பிறப்பு. தமிழில் அதைக் கறுவு என்போம், வன்மம் என்போம். ஆத்திரத்துக்குள் அவசரம் இருக்கிறது, 'ஆத்திர அவசரத்துக்கு' என்று நாம் சொல்வது அதனால்தான். ஆனால் 'இருந்தது' என்ற வினை அதை நீட்டிவிட்டது. நீதிபதியிடம் அனுமதி பெற்று மறுபடி கேட்டேன். "அந்த நேரத்தில் வந்தது" என்றார். என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அங்கே தெர்மாமீட்டர் எதற்கும் உதவாது. எவ்வளவு சூடு என்று அந்த மன்றத்தில் யாரும் கேட்கவில்லை. எத்தனை நாள் என்றுதான் கேட்டார்கள்.

உங்கள் கடிதத்துக்கு வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டா? இதைக் கேட்கும் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்டிக்னேஷன். லத்தீனில் 'டிக்னுஸ்' என்றால் தகுதியுள்ளது. டிக்னிட்டி என்று நாம் சொல்லும் மானமும் அதே குடும்பம். தகாத ஒன்றைக் கண்டு எழும் கோபம் இது. 'இது தகுமா?' என்று நம் வீடுகளில் கேட்பார்களே, அந்தக் குரல். பூட்டு திறக்கவில்லை என்று ஒருவர் ஃபியூரியஸ் ஆகலாம், மழை நிற்கவில்லை என்றும் ஆகலாம். மழையைப் பார்த்து இன்டிக்னன்ட் ஆக முடியாது. எதிரே தவறு செய்த ஒருவர் வேண்டும். குரல் உயர வேண்டியதில்லை, அழுதுகொண்டும் இருக்கலாம். பிறருக்காகவும் அது எழும். உங்களுக்கு எழுந்திருக்கிறது, எனக்கும் எழுந்திருக்கிறது.

அறச்சீற்றம் என்று இதற்குத் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சீற்றத்தில் பாம்பின் ஒலி கேட்கிறது. உங்கள் அப்பா சொன்ன 'பொறுக்க முடியவில்லை' என்பதே சரியான தமிழ்.

ஃபியூரியஸை எடுத்துவிட்டு அப்செட், ஹர்ட், டிஸப்பாயின்டட் என்று போட்டுவிடாதீர்கள். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் இவைதான் மலிந்திருக்கின்றன. மலாயில் எழுதுபவர்கள் 'தெர்கிலான்' என்பார்கள். நம் மனத்தாங்கலைப் போன்ற நல்ல சொல்தான். ஆனால் இவை எல்லாமே விஷயத்தை அப்பாவின் மனத்துக்குள் தள்ளிவிடும். மனம் சரியில்லாதவருக்கு ஆறுதல் சொன்னால் போதும் என்று கோப்பை மூடிவிடுவார்கள். மலாயில் 'முர்கா' என்று ஒரு கோபம் இருக்கிறது. அரசருக்கும் இறைவனுக்கும் மட்டுமே உரியது. நம் மூர்க்கத்தின் சமஸ்கிருத வேர்தான் அதற்கும். அரசர் கோபப்பட்டால் அதற்கென்று தனியாக ஒரு சொல். ஜாகா கோபப்பட்டால் அடக்கிக்கொள் என்று ஒரு கடிதம். எனக்கு இது ஆறவில்லை.

இப்போது மறுபடி எழுதுங்கள். அப்பாவின் உணர்ச்சியைக் கடைசியில் வையுங்கள். முதலில் நாள், நேரம், சொல்லப்பட்ட வசை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கேமராப் பதிவு. அடுத்த பத்தியில், தவறு செய்யாதவரை மன்னிப்புக் கேட்க வைத்தது. அந்த இடத்தில் ஹியூமிலியேட்டட் என்ற சொல்லைப் போடுங்கள். மண்ணைக் குறிக்கும் 'ஹுமுஸ்' அதற்குள் இருக்கிறது, ஒருவரைத் தரையோடு தாழ்த்துவது. அது அவருக்குச் செய்யப்பட்டதைச் சொல்கிறது, செய்தவர்களையும் சேர்த்து. பிறகு ஒரே வாக்கியத்தில், இதைக் கண்டு அவருக்கும் குடும்பத்தினருக்கும் எழுந்த இன்டிக்னேஷன். அப்பாவைக் கேட்க வைத்த மன்னிப்பை நிர்வாகம் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கையோடு முடியுங்கள். அப்பாவை வேலைக்கு அமர்த்தியது வேறு நிறுவனம் என்றால் அதற்கும் ஒரு பிரதி போகட்டும்.

அனுப்புவதற்கு முன் கடிதத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கடைசி வாக்கியத்தில் நிறுத்தி, இதைத்தானே சொன்னீர்கள் என்று கேளுங்கள். அவர் மாற்றச் சொன்னால் மாற்றி, எனக்கு அனுப்புங்கள். ஆங்கிலத்தை நான் பார்த்துத் தருகிறேன்.