ஃபிளாஸ்க் ரூட்டில் அடைப்புக்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயங்கும் டெக்கரேட்டர்

பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஃபிளாஸ்க்கின் ரூட்களில் (ஒரு முகவரியை ஒரு ஃபங்ஷனோடு இணைக்கும் இடங்களில்) @அனுமதி என்று வெறுமனேயும், @அனுமதி(பதவி="நிர்வாகி") என்று மதிப்புக் கொடுத்தும் ஒரே டெக்கரேட்டரை (ஒரு ஃபங்ஷனை வாங்கி, அதற்குப் பதிலாக வேறொன்றைத் தரும் ஃபங்ஷனை) எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பைத்தானுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு வேலைகள். அடைப்புக்குறி இல்லாதபோது கீழே உள்ள வியூ ஃபங்ஷன் (பக்கத்தைத் தருவது) நேராக அனுமதியிடம் போகிறது. இருக்கும்போதோ அனுமதி முதலில் தனியாக அழைக்கப்பட்டு, அது திருப்பித் தரும் இன்னொரு ஃபங்ஷனிடம்தான் வியூ ஒப்படைக்கப்படுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அடைப்புக்குறியோடு மட்டுமே இயங்கும் டெக்கரேட்டர் ஒன்றை வைத்திருந்த நான், ஒரு ரூட்டில் அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். பதவி இருக்க வேண்டிய இடத்தில் வியூ போய் உட்கார்ந்துகொண்டது. ஃபிளாஸ்க்கும் உள்ளிருந்த இடைநிலை ஃபங்ஷனையே வியூ என்று பதிவு செய்துகொண்டு, எந்தப் பிழையும் காட்டாமல் துவங்கியது. ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்த பிறகுதான், ஓர் ஆர்கியுமென்ட் குறைகிறது என்ற டைப்எரரோடு 500 என்ற சர்வர் பிழை வந்தது.

இப்போது நான் எழுதும் வடிவம் அனுமதி(வியூ=நன், *, பதவி=நன்) என்பதாகும்; நன் (None) என்றால் மதிப்பு எதுவும் தரப்படவில்லை என்று பொருள். வியூ நன் ஆக இருந்தால், பைத்தானோடு வரும் ஃபங்டூல்ஸ் (functools) தொகுப்பில் உள்ள பார்ஷியலைக் (partial) கொண்டு பதவியை மட்டும் நிரப்பி அதே அனுமதியைத் திருப்பித் தருகிறேன். இல்லையென்றால் வியூவைச் சுற்றிய ராப்பரை, அதாவது அனுமதியைச் சோதித்த பிறகே வியூவை அழைக்கும் ஃபங்ஷனைத் தருகிறேன். நடுவிலுள்ள நட்சத்திரத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், ஏனெனில் பதவியைப் பெயர் சொல்லித்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அதுதான். பைத்தான் 3.7இல் வந்த டேட்டாகிளாஸ் (dataclass) என்ற டெக்கரேட்டரும் இப்படித்தான் இருவகையிலும் இயங்குகிறது. முதல் ஆர்கியுமென்ட் அழைக்கத்தக்கதா என்று காலபிள் (callable) மூலம் சோதிக்கும் வழியும் உண்டு. ஆனால் நீங்கள் தரும் மதிப்பே ஒரு ஃபங்ஷனாக இருந்துவிட்டால் அது ஏமாந்துபோகும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ராப்பரின் மேல், வியூவின் பெயரை அதற்கு அப்படியே தரும் ஃபங்டூல்ஸ் ராப்ஸ் (wraps) இருக்கட்டும். அது இல்லையென்றால் எல்லா வியூக்களுக்கும் ஒரே பெயர் வந்து, இரண்டாவது ரூட்டிலேயே எண்ட்பாயிண்ட் (ஃபிளாஸ்க் ரூட்டுக்கு வைத்திருக்கும் பெயர்) மோதல் என்று அசெர்ஷன்எரர் எழும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வரிசைதான். @ஆப்.ரூட் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும். அது தனக்குக் கீழிருந்து வருவதை மட்டுமே பதிவு செய்வதால், அனுமதியை அதற்கு மேலே வைத்தால் காவலில்லாத வியூவே பதிவாகி, நிர்வாகிப் பக்கம் யாருக்கும் திறந்துவிடும். பிழை எதுவும் வராது. ஆகவே ஃபிளாஸ்க்கின் டெஸ்ட் கிளையன்ட்டைக் கொண்டு, உள்நுழையாமலேயே ஒவ்வொரு காவல் ரூட்டையும் அழைத்து, 401 அல்லது 403 என்ற மறுப்புக் குறியீடு வருகிறதா என்று சோதித்துவிடுங்கள்.