கொலுசுப் பட்டறை 486-ல் ஒரு பி.பி.எஸ்.: கேட்டவர்களுக்குப் பதில்

வீட்டில் பழைய 486 கணினி ஒன்றில் பி.பி.எஸ். ஓட்டுகிறேன் என்று சொன்னதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேள்விப்படாதவர்களுக்கு: இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், ஒரு கணினி, அதைப் போனில் பேசவைக்கும் ஒரு மோடம், ஒரு போன் லைன் இவற்றை வைத்து ஒருவர் தன் வீட்டிலேயே நடத்திய தகவல் பலகைதான் பி.பி.எஸ். முதல் பலகையை 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தொடங்கினார்கள். என் பெட்டி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. 8 எம்.பி. நினைவகம், விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளம் 6.22. எடைக்குப் போடப் போகிறோம் என்றார்கள், ஆட்டோவில் தூக்கி வந்துவிட்டேன்.

அண்ணா, லேண்ட்லைனே யார் வீட்டிலும் இல்லை, எப்படிக் கூப்பிடுவது?

டெல்நெட் வழியாகத்தான், அதாவது இணையம் வழியே இன்னொரு கணினியோடு வெறும் எழுத்தில் பேசும் பழைய முறை. ஈ.எஸ்.பி. 8266 என்ற வைஃபை சில்லை வைத்து ஒரு சின்ன மோடம் செய்யலாம், மோடம் செருகும் சீரியல் போர்ட்டில் செருகினால் 486-க்கு அது பழைய ஹேய்ஸ் கம்பெனி போன் மோடம் மாதிரியே தெரியும். வெளியிலிருந்து யாராவது இணைந்தால் 'ரிங்' என்று அனுப்பும், பி.பி.எஸ். நிரல் போனை எடுப்பதாக நினைத்துக்கொண்டு எடுக்கும். பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீரியல் கார்டில் இருக்கும் சில்லு 8250 அல்லது 16450 என்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்துவைக்கும். 19200 வேகத்தில் அரை மில்லிசெகண்டுக்கு ஒரு எழுத்து வரும், டாஸ் அந்த நேரம் வட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் எழுத்து தொலைந்தது. 16550 சில்லில் 16 எழுத்து வரிசையில் நிற்கும். என் பெட்டியில் 16450 இருந்தது, கோப்பு ஏற்றும்போதெல்லாம் பிழை, இரண்டு வாரம் கேபிளையும் மோடத்தையும் திட்டிவிட்டுக் கடைசியில் கார்டை மாற்றினேன்.

எந்த மென்பொருள் நல்லது? அம்மாப்பேட்டையிலிருந்து கேட்கிறேன்.

மென்பொருள் அப்புறம், முதலில் பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள் தம்பி. பல 386, 486 மதர்போர்டுகளில் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல்–காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். 3.6 வோல்ட். கரண்ட் இல்லாதபோது தேதியையும் டிஸ்க் விவரத்தையும் மறக்காமல் வைத்திருப்பது அதுதான். அது கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றுவிடும், பச்சையாகப் பூத்திருந்தால் இன்றைக்கே வெட்டி எடுங்கள். கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். பதிலுக்கு மூன்று ஏஏ செல் போடலாம், ஆனால் நடுவே டயோடு கட்டாயம், இல்லாவிட்டால் போர்டு அந்த செல்களை சார்ஜ் செய்யப் பார்க்கும்.

நான் இதைத் தள்ளிப்போட்டுப் பட்டவன். ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போயிருந்தேன், இங்கே கரண்ட் போய் வந்திருக்கிறது. திரும்பி வந்தால் 'எஃப்1 அழுத்து' என்று திரை காத்துக்கொண்டிருக்கிறது, ஹார்டு டிஸ்க் விவரமே மறந்துவிட்டது. அதைச் சரிசெய்த அவசரத்தில் தேதியை விட்டுவிட்டேன். அதன் பிறகு எழுதியதெல்லாம் 1980 என்று பதிவாகி, 'கடைசியாக வந்ததிலிருந்து புதியவை' என்று கேட்டவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று காட்டியது. பலகையில் ஈ ஓடுகிறது என்று நினைத்து இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, மென்பொருள். ரெனிகேட், ரிமோட்ஆக்சஸ் இரண்டும் டாஸுக்குப் போதும். நான் ரெனிகேட். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பழைய நிரல்கள் வேகமான பென்டியம் 2-ல் 'ரன்டைம் எரர் 200' என்று விழும், 486-ல் அந்தத் தொல்லை கிடையாது. மெதுவான பெட்டிக்கும் ஒரு காலம்.

ஏற்காட்டில் வீடு, மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிறது. அங்கே வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பிளாப்பியை நம்பாதீர்கள். ஈரத்தில் தட்டில் பூஞ்சை பிடிக்கும், அதை டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி அடுத்து போடும் நல்ல தட்டையும் கீறும். காம்பேக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையை, ஹார்டு டிஸ்க் கேபிளில் செருகும் ஐ.டி.ஈ. அடாப்டரில் போடுங்கள், பெட்டியை எழுப்பும் பழைய பயாஸ் நிரல் 504 எம்.பி.க்கு மேல் பார்க்காது, ஆகவே சின்ன அட்டையே வாங்குங்கள். பெட்டியை ஓடவிட்டால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும், அணைத்து மூடிவைப்பதுதான் கெடுதல். சித்திரை, வைகாசியில் மலையில் இடி இறங்கும்போது மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எர்த் சரியில்லாத பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

திறந்துவைத்த பத்து நிமிடத்தில் யார் யாரோ 'ரூட்', 'அட்மின்' என்று நுழையப் பார்க்கிறார்கள்!

மனிதர்கள் இல்லை, பாட்கள், தானாகவே கதவு தட்டும் நிரல்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல் வந்ததிலிருந்து, டெல்நெட்டின் வழக்கமான வாசலான 23-ஆம் போர்ட்டைத் திறந்தால் இந்தக் கூட்டம்தான். நமக்கு ஒரே லைன், ஒரு பாட் வந்து உட்கார்ந்தால் உண்மையான ஆளுக்கு பிஸி. போர்ட் எண்ணை மாற்றுங்கள், முன்னால் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வைத்து 'எஸ்கேப்பை இரண்டு முறை அழுத்தவும்' என்று கேட்கச் சொல்லுங்கள். பத்து நொடிக்குள் அழுத்தாதவரை வெட்டிவிடலாம். புதுக் கருவி சேர்ப்பது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள், வாசலில் நாய் கட்டுவது மாதிரிதான் என்பது என் கட்சி.

என் இணைப்பில் வெளியிலிருந்து யாரும் வரவே முடியவில்லை.

பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐ.பி., அதாவது இணைய முகவரி, கொடுத்திருப்பார்கள். தனி ஐ.பி. கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து அதற்கு வருகிறவர்களை உங்கள் பெட்டிக்குக் கடத்த எஸ்.எஸ்.எச். சுரங்கம் என்ற பாதுகாப்பான இணைப்பு போடுங்கள்.

தமிழில் எழுத முடியுமா?

முடியும், மெனக்கெட வேண்டும். வி.ஜி.ஏ. எழுத்துத் திரையில் 256 உருவங்களை நாமே மாற்றி ஏற்றலாம். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் கீழ் 128 ஆங்கிலம், மேலே தமிழ். எழுத்தைத் திரையில் தெரியும் வரிசையிலேயே சேமிப்பதால், 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று அப்படியே வரும், 486 ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை. சிக்கல் அகலத்தில். ஒரு கட்டம் எட்டுப் புள்ளி, அதில் 'ஞ'வையோ 'ணு'வையோ அடைத்தால் எறும்பு மிதித்த மாதிரி இருக்கும். அகல எழுத்துகளை இரண்டாக வெட்டி இரண்டு கட்டத்தில் வைத்தேன், ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. அழைப்பவர் பக்கமும் அதே எழுத்துரு வேண்டும், அதனால் வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கரண்ட் பில் எகிறாதா சார்?

மானிட்டரை அணைத்துவிட்டால் என் பெட்டி 40 வாட். இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் பக்கம் வரும். இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது என்று வீட்டில் கணக்குச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமா? சலிக்காதா?

டாஸில் பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டும் டெஸ்க்வியூ போட்டு இரண்டு லைன் ஆக்கலாம். நான் ஆக்கப் போவதில்லை. ஒருவர் வந்தால் எழுத்து எழுத்தாக ஓடுவது என் திரையிலும் தெரியும், அவர் தப்பாக அடித்து அழிப்பதைக்கூடத் தட்டுவடை செட்டைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன், சில நேரம் நடுவில் புகுந்து பேசுவேன். பிஸி என்று வந்தால் அரை மணி கழித்து மறுபடி கூப்பிடுங்கள். மாதப் பராமரிப்பு மின்தடை நாளில் மாலை ஐந்து மணி வரை எடுக்காது.