கெட்டுப்போன பீருக்குக் காசு கொடுக்கணுமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் லைசென்சோடு பீர் விற்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். விநியோகஸ்தர் 60 பெட்டி போத்தல் பீரைத் திறந்த லோரியில், உச்சி வெயிலில் கொண்டுவந்து கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் இறக்கிவிட்டுப் போனார். பின்னால் தகரக் கொட்டகையில் அடுக்கினேன். ஆறு வாரத்தில் 22 பெட்டி விற்றது. இப்போது ஈர அட்டை வாடை அடிக்கிறது என்று குடிப்பவர்கள் திட்டுகிறார்கள். பதினைந்து வருடப் பழக்கம், ஆனால் போன்கூட எடுக்க மாட்டேன் என்கிறார். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணம் கட்டாமல் இருக்கலாமா? பயனீட்டாளர் நடுவர் மன்றம் போகலாமா?

பதில்: பழக்கத்தை ஓரமாக வையுங்கள். நடுவர் மன்றமும் உங்களுக்கு இல்லை. வாங்கி விற்கிறவர் பயனீட்டாளர் ஆக மாட்டார். கேள்வி ஒன்றுதான்: பீர் கெட்டது லோரியிலா, உங்கள் கொட்டகையிலா?

வாடையே அதைச் சொல்லிவிடுகிறது. வெளிச்சத்தில் கெட்டால், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு சிதைந்து கந்தக நாற்றம் வரும். பச்சைப் போத்தலுக்குக் கொஞ்ச நேர வெயிலே போதும். மூடிய பெட்டிக்குள் இருந்தால் அந்தப் பேச்சே இல்லை. ஈர அட்டை வாடை வேறு. போத்தலுக்குள் மிஞ்சிய ஆக்சிஜன் சூட்டில் வாரக்கணக்கில் வேலை செய்தால் வருவது. ஒரு மத்தியானத்தில் வராது, தகரத்துக்குக் கீழே ஆறு வாரத்தில் நன்றாகவே வரும். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் புகாரையே வாசித்துக் காட்டுவார்.

திருப்பிக் கொடுப்பதும் நடக்காது. 1957 பொருள் விற்பனைச் சட்டம் 42-ஆம் பிரிவுப்படி, நியாயமான காலத்துக்குள் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தாலும், சொந்தச் சரக்குபோல விற்றாலும் ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். நீங்கள் இரண்டையும் செய்துவிட்டீர்கள். மிஞ்சுவது 59-ஆம் பிரிவில் விலைக்குறைப்போ நஷ்டஈடோ கேட்பது மட்டும். அதற்கும் இறக்கும்போதே கெட்டிருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். டெலிவரி ஆர்டரை எடுத்துப் பாருங்கள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே உங்கள் கடை முத்திரையும் கையெழுத்தும் இருக்கும், படித்துப் பார்த்தா போட்டீர்கள்?

ஆட்கள் விழும் குழி இதற்கு அப்புறம்தான். என்னிடம் வந்த ஒருவர் கோபத்தில் சரக்கு முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார். காட்ட ஒரு போத்தல் இல்லை. இன்னொருவர் சேல்ஸ்மேனுக்கு வாட்சப் குரல் செய்தி அனுப்பினார்: "தம்பி, எங்க ஸ்டோரும் கொஞ்சம் சூடுதான், இருந்தாலும்..." வழக்கு அந்த 'இருந்தாலும்'க்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. வேறு சிலர் முழுப் பணத்தையும் பிடித்து வைத்து, சம்மன் வந்ததும் மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். ஆஜராகாத தீர்ப்பு வந்து, அசலோடு வட்டியும் செலவுத் தொகையும் ஏறிய பிறகுதான் வக்கீலைத் தேடுவார்கள்.

ஒரே ஒரு வழி இருக்கலாம்: போத்தலில் அச்சடித்த காலாவதித் தேதி. இறக்கிய அன்றே அது நெருங்கியிருந்தால், பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று பேச இடமுண்டு. ஆறு போத்தலைத் திறக்காமல், பெட்டியோடு, குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள்.

மற்றபடி சமரசம்தான். விற்ற 22 பெட்டிக்கு இன்றே கட்டுங்கள். மிச்சம் 38-க்குப் பாதி விலை கழிவு கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தின் தலையில் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதுங்கள், அதாவது இந்தச் சமரசப் பேச்சை வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டக்கூடாது என்று. குரல் செய்தி எதுவும் வேண்டாம்.